மூன்று சைபர் பிஸ்கட்

“பாக்கெட்டு மேல இன்னா எழுதிக்கீதுன்னு படிக்கறதுக்கா இம்மாங்காலம் படிச்சே?”

எனக்கு வேலை கிடைத்த அன்று நைனா கேட்டது இது. நைனா என் அப்பா. அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி கட்டியிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எண்கள் மட்டும் தெரியும்; பஸ் நம்பரும் வண்டி நம்பரும் படிப்பார். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். உணவு அறிவியலில் பட்டம் வாங்கி, மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன பிஸ்கட் கம்பெனியில் லேபிள் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

“படிக்கறதுக்கு இல்ல நைனா, எழுதறதுக்கு. நான் எழுதுவேன், மத்தவங்க படிப்பாங்க,” என்றேன்.

அவர் பீடியைத் தேடினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் எனக்கு வீட்டில் யாரிடம் பேசினாலும் அது ஜெயிப்பதும் தோற்பதுமாகத்தான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மார்க் போட ஆரம்பித்தேன். பத்துக்கு இத்தனை என்று கருப்பு மார்க்கரில் முன்பக்கமே எழுதிவிடுவேன். உப்பு அதிகமா, இரண்டு மார்க் குறை. பாமாயிலா, இன்னும் இரண்டு. கட்டம் போட்ட சத்து அட்டவணையே இல்லையென்றால் முட்டை. மிக்சர் ஒன்று, நூடுல்ஸ் இரண்டு, அம்மா விரும்பிச் சாப்பிடும் கிரீம் பிஸ்கட் ஒன்று. ஒருமுறை சித்தி பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வந்தாள், கையில் மாம்பழ ஜூஸ் பாட்டிலோடு. அவள் எதிரிலேயே பாட்டிலைத் திருப்பி, அதில் பழம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று உரக்கப் படித்து, ‘1’ என்று எழுதி வைத்தேன். சித்தி அதற்குப் பிறகு வெறுங்கையோடுதான் வந்தாள். அப்புறம் வருவதையே குறைத்துக்கொண்டாள்.

“வந்தவ குடுத்தத்த மூஞ்சிக்கு நேரா கொறை சொல்றியே, உனுக்கு யாருடி மார்க்கு போடறது?” என்றாள் அம்மா.

“எனக்கு யூனிவர்சிட்டியே போட்டுடுச்சு,” என்றேன்.

அம்மா சுட்டு வைத்திருந்த அதிரசத்தை அன்று நான் தொடவில்லை. லேபிள் இல்லாததற்கு மார்க் கிடையாது என்று சொன்னேன். வேடிக்கைக்காகச் சொன்னதாக இப்போது எழுதிக்கொள்ளலாம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

நைனாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. டீயில் சீனியை விட்டுவிட்டார். ஆனால் டூட்டியில் பதினோரு மணிக்குப் பசி வரும். குடியிருப்பின் கேட்டுக்கு எதிரே இருக்கும் கடையில் பாக்கெட் சாமான்கள்தான் கிடைக்கும். ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“கண்ணு, பின்னாடி ஒரு கட்டம் போட்டுக்கீறானே, அதுல எத்த பாத்து துன்றது? எனுக்கும் சொல்லிக் குடேன்.”

“சர்க்கரைன்னு ஒரு வரி இருக்கும். அதுக்கு நேரா சைபர் இருந்தா துன்னு.”

“அது சக்கரை வரின்னு நானு எப்டி கண்டுபுடிக்கறது?”

அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஒரு சொல்லின் உருவத்தை அவர் கைமேல் பேனாவால் எழுதிக் காட்டியிருக்கலாம். வண்டி நம்பரை ஒருமுறை பார்த்தால் மறக்காத மனிதர். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எனக்குப் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

“அதெல்லாம் உனக்கு வராது நைனா. சைபர் இருக்கான்னு பாரு. இருந்தா துன்னு, இல்லன்னா வெச்சுடு,” என்றேன்.

“சைபரு தானே? அது எனுக்குத் தெரியும்,” என்று சந்தோஷமாகப் போனார்.

சில வாரம் கழித்துச் சாப்பிடும்போது சொன்னார்: “இன்னிக்கி ஒரு பாக்கெட்டு கெடச்சுது பாரு, மூணு சைபரு! மத்ததுல ஒண்ணு ரெண்டு தான் வரும். கடக்காரன் சிரிக்கிறான், ‘அண்ணாத்தே லாட்டரி சீட்டா பாக்குற’ன்றான். அவுனுக்கு இன்னா தெரியும்?”

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு சிப்ஸ். கொழுப்பில் ஒரு வகைக்கு சைபர், கொலஸ்ட்ராலுக்கு சைபர், சேர்த்த சர்க்கரைக்கு சைபர். உப்பும் எண்ணெயும் மாவுச்சத்தும் மற்ற வரிகளில் நிரம்பிக் கிடந்தன. எந்த வரி என்று தெரியாத மனிதர், எத்தனை சைபர் என்று எண்ணத் தொடங்கியிருந்தார். சைபர் கூடினால் நல்லது. அவராகவே கண்டுபிடித்த மார்க் முறை அது. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

நான் திருத்தவில்லை. சிரித்தேன். புரை ஏறும் அளவுக்குச் சிரித்தேன். மறுநாள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது அந்தக் கதையை நைனாவின் குரலிலேயே சொன்னேன். “மூணு சைபரு, அண்ணாத்தே!” எல்லோரும் சிரித்தார்கள். நம் வீட்டு ஆட்களைப் பற்றி நாமே முதலில் சிரித்துவிட்டால், மற்றவர்கள் நம்மை அவர்களோடு சேர்க்க மாட்டார்கள் என்று கல்லூரியில் கற்றிருந்தேன். பாடத்தில் இல்லாத பாடம். அதில் நான் கெட்டிக்காரி.

முதலாளி மட்டும் சிரித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“உங்கப்பாதாம்மா நம்ம கஸ்டமர். நம்ம பிஸ்கட்ல எத்தனை சைபர் இருக்கு?”

அப்போது கேழ்வரகு பிஸ்கட் ஒன்றைச் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தயாரித்துக்கொண்டிருந்தோம். நான் அட்டவணையைப் பார்த்தேன். “மூணு இருக்கு சார்.”

“அத முன்னாடி கொண்டு வா. பெருசா. கஸ்டமர் முன்பக்கம் பார்ப்பான், ஃபுட் ஆபீசர் பின்பக்கம் பார்ப்பாரு. ரெண்டு பேரும் ஒரே பக்கத்தப் பார்க்கிறதே இல்ல.”

மூன்று பச்சை வட்டங்கள் வரைந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு தடித்த சைபர். கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத எழுத்தில் கொலஸ்ட்ரால், டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை. அதற்கு மேலே ‘சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது’. லேபிளை அச்சுக்கு அனுப்பும் ஒப்புதல் தாளில் என் கையெழுத்தைப் போட்டேன். பிஸ்கட் நன்றாக விற்றது. முதலாளி எல்லோர் எதிரிலும் என்னைக் கைகாட்டி, “படிச்ச பொண்ணு மூளையப் பாருங்க” என்றார். அன்று வீட்டுக்கு நடந்து வந்த தெரு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சனிக்கிழமைகளில் சீல் சரியாக ஒட்டாத பாக்கெட்டுகளை வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் பை நிறையக் கொண்டுவருவேன். நைனா அவற்றை அலமாரியில் சைபர் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி வைப்பார்.

“எத்தினி மார்க்கு இதுக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“இது நாங்க போட்டதும்மா. இதுக்கு எதுக்கு மார்க்கு?”

அந்த வீட்டில் நான் மார்க் போடாத ஒரே பாக்கெட் அதுதான்.

சில மாதங்களில் கேழ்வரகு மாவில் பாதியை எடுத்துவிட்டு மைதா போட்டார்கள். பிஸ்கட் உடைகிறது என்று மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற வெள்ளைப் பொடியையும் சேர்த்தார்கள். மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. நாக்கில் இனிக்காது. பல நேரம் அது அட்டவணையின் சர்க்கரை வரிக்கே வராது. ரத்தத்தில் மட்டும் சர்க்கரையைப் போலவே, சில சமயம் அதைவிட வேகமாக ஏறும். மூன்றாம் வருடப் பாடம் அது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியிருந்தேன்.

“சார், புது சாம்பிளை டெஸ்டுக்கு அனுப்பணும். பழைய அட்டவணை இதுக்குப் பொருந்தாது. முன்னாடி போட்டிருக்கற வாசகமும் நிக்காது.”

“சைபர் மாறுதா?”

“சைபர் மாறாது சார்.”

“அப்புறம் என்னம்மா?”

சேர்மானப் பட்டியலில் மட்டும் இரண்டு சொற்களைச் சின்ன எழுத்தில் நுழைத்தேன். பழைய அட்டவணை, பழைய வாசகம், மூன்று வட்டங்கள் அப்படியே இருந்தன. மறுபடி கையெழுத்து. ஒரு தடவை சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை வழக்கம்போல் பை நிறைய பாக்கெட் கொண்டுவந்தேன். வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளி இருக்கிறார் என்பது எனக்கு நினைவு வராமல் இல்லை. அவர் கொஞ்சம்தான் சாப்பிடுவார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அவர் சாதத்தைக் குறைத்துக்கொண்டு, பதினோரு மணிக்கு ஒரு பாக்கெட், நாலு மணிக்கு ஒரு பாக்கெட் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்புக்கு நல்லது என்று.

செக்யூரிட்டி ஏஜென்சி அவருக்குக் கொடுத்த ஷூ ஒரு சைஸ் சின்னது. வலது காலின் கடைசி இரண்டு விரல்களில் அது கடித்துப் புண்ணாகியிருந்தது. வலித்திருந்தால் சொல்லியிருப்பார். சர்க்கரை ஏறி ஏறிக் காலில் உணர்ச்சி போயிருந்தது. டூட்டியில் ஷூவைக் கழற்றினால் திட்டுவார்கள் என்று கழற்றவுமில்லை. கடைசியில் அம்மாதான் மோப்பம் பிடித்தாள். “எலி கிலி செத்துக்கீதா?” என்று கட்டிலடியில் தேடி, அவர் காலுக்கு வந்து நின்றாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மெட்ரோ வேலைக்காக ரோட்டைப் பாதி அடைத்திருந்தார்கள், பஸ் ஊர்ந்தது. நைனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூண்களை எண்ணிக்கொண்டு வந்தார். டாக்டர் என்னைவிட நாலைந்து வயது பெரிய பெண். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் நைனாவிடம் எரிந்து விழுந்தார்.

“இவ்வளவு சர்க்கரைய வெச்சுக்கிட்டு என்னய்யா சாப்பிடறே? ஸ்வீட்டா?”

“அய்ய, ஸ்வீட்ட தொடறதே இல்ல டாக்டரம்மா. எல்லாம் சைபரு பாத்துதான் துன்றேன்.” மஞ்சள் பைக்குள் கைவிட்டு, எங்கள் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்று பச்சை வட்டங்கள். “தோ பாருங்க, மூணு.”

டாக்டர் பாக்கெட்டைத் திருப்பினார். சின்ன எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். “மைதா. மால்டோடெக்ஸ்ட்ரின்.” பாக்கெட்டைக் கீழே போட்டார். “இத முழுங்கறதுக்கு நேரா சீனிய அள்ளித் தின்னிருக்கலாம். சர்க்கரைக்காரங்களுக்கு உகந்ததாம். இத எழுதினவங்கள இங்க கொண்டுவந்து இந்தக் கால்ல இருக்கற கட்டைப் பிரிக்கச் சொல்லணும்.”

நான் சுவரைப் பார்த்தேன். நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பட்டம் வாங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை.

“எழுதினதே இவதான் டாக்டரம்மா! எம் பொண்ணு. காலேஜு படிச்சிக்கீறா. இந்த வட்டம்லாம் இவ போட்டதுதான்.”

டாக்டர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டே நர்சிடம், “ரெண்டு விரலும் எடுக்கணும். கையெழுத்துப் போட யாரு, பொண்ணா? படிச்ச பொண்ணு, சீக்கிரம் போடும். தாளைக் குடுங்க,” என்றார்.

போட்டேன்.

இரண்டு விரலோடு நின்றது. மேலே ஏறினால் பாதம் என்றார்கள், இன்றுவரை ஏறவில்லை. நைனா வீட்டுக்கு வந்த அன்று அலமாரி காலியாக இருந்தது.

“பாக்கெட்லாம் எங்கம்மா?” என்றேன்.

“மாட்டுக்குப் போட்டேன்,” என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். “அதுக்கு எண்ணத் தெரியாது. துன்னுட்டு போயிகினே கீது.”

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் எப்போதும் பதில் இருக்கும். அவளுக்கு அது தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

முதலாளியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். வட்டங்களை எடுக்கணும், வாசகத்தை எடுக்கணும், புது டெஸ்ட் எடுக்கணும் என்றேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியலன்னா நான் லேபிள மாத்தணுமா? பின்னாடி எல்லாம் எழுதித்தானே இருக்கு?”

“அட்டவணை பழசு சார். அது பொய்.”

“யாரு கையெழுத்து அதுல?” ஒப்புதல் தாள்கள் இருந்த மேஜை இழுப்பறையைத் திறக்காமல், அதன் கைப்பிடியை மட்டும் விரலால் தட்டினார். “வட்டமும் நீதான் போட்ட. உங்கப்பன் கதையச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சதும் நீதான். நான் ஒண்ணும் உன் வீட்டுக்கு வந்து ஊட்டி விடல. போய் வேலையப் பாரும்மா.”

அவர் சொன்னதில் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எரிந்தது. போய் வேலையைப் பார்த்தேன். புது ரெசிபி தாளை இரண்டு பிரதி எடுத்தேன். என் கையெழுத்துள்ள இரண்டு ஒப்புதல் தாளும் ஸ்கேன் செய்தபடி என் கம்ப்யூட்டரிலேயே இருந்தன, அவற்றையும் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நைனாவின் காலுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னேன். எந்த வரி, எந்த சைபர், அந்தப் பொடி என்ன செய்யும், அது எனக்கு முன்னாலேயே தெரியும் என்பது வரை எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மீதியை அழகாக்கிச் சொல்லியிருப்பேன்.

“அன்னிக்கி வராதுன்னு சொன்னியே,” என்றார். “வந்திருக்கும் கண்ணு. ஒரே ஒரு எழுத்துதானே?”

நான் கட்டின் முனையைச் செருகினேன்.

“புகார் குடுக்கப் போறேன் நைனா.”

“வோணாம்.” சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். “போன வெரலு போச்சு. அத்த யார்கிட்டயும் சொல்லாத. ஃபிளாட்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன், எம் பொண்ணு எழுதினதுன்னு. என் பேச்ச கேட்டு வாங்கித் துன்றாங்க. நாலு ஊட்ல சக்கரக்காரங்க கீறாங்க. கால் ஆறினா திரும்பியும் அந்த கேட்டாண்டதான் போயி நிக்கணும். அவங்க மூஞ்சில நானு எப்டி முழிக்கறது?”

“அந்த நாலு வீடும் இன்னும் சாப்பிடறாங்களா?”

என் மணிக்கட்டை விட்டார்.

“நம்பர் சொல்லு நைனா.”

“இன்னா பொண்ணு நீ?” என்றார். “மெய்யாலுமே கேக்கறேன். என் கால எடுத்த. இப்ப மானத்தையும் எடுக்கப் போறியா? என்னிக்காவது ஒரு நாளு தோத்துத்தான் போயேன்.”

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கடைசியில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நாலு வீட்டு நம்பரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நம்பரை மறக்கிற ஆள் இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எல்லாத் தாளையும் சேர்த்துப் பின் அடித்து, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல உங்க பேரும் வருதேம்மா, தெரியுதில்ல?” என்றார்.

“நான்தான் சார் எழுதினேன்.”

அவர் முத்திரை வைத்துக் கொடுத்த நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலைக்குப் போகவில்லை. அயனம்பாக்கம் பஸ் ஏறினேன். கேட்டில் புதிதாக நின்றிருந்த வாட்ச்மேன் எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன். மூன்றாவது மாடியில் முதல் வீட்டின் மணியை அழுத்தினேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் திறந்தார்.

“அட, நம்ம வாட்ச்மேன் பொண்ணுதானே? அப்பாவுக்குக் கால் எப்படி இருக்கு?”

“உங்க வீட்டுல எங்க கம்பெனி பிஸ்கட் இருந்தா எடுத்துட்டு வாங்க ஆன்ட்டி,” என்றேன்.